சலங்கையும் செமஸ்டரும்: ஜூனிலேயே போடவேண்டிய கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு என் நடன வகுப்பு மாணவிகளின் அம்மாக்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐந்து மணிக்கு எழுந்திருத்தல், ஐந்தரை முதல் ஏழு வரை அடவு (அடிப்படை ஆடல் அசைவுகள்), எட்டரைக்குக் கல்லூரி, மாலையில் நடன வகுப்பு, இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை படிப்பு என்று ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டி அழகாக எழுதியிருக்கும். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த அட்டவணை ஆடி மாதம் வரை தாங்கினாலே பெரிய விஷயம்.

பரதநாட்டியத்தைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவர்களுக்கு நாள் கணக்கு அவ்வளவாக உதவாது. ஆண்டுக் கணக்குதான் உதவும். கல்லூரிக்கு நெருக்கடியான மாதங்கள் உண்டு, நடனத்துக்கும் உண்டு. எந்த மாதத்தில் எது எதற்கு விட்டுக்கொடுக்கும் என்பதை ஜூனிலேயே தீர்மானித்து, அதைக் குருவிடமும் துறைத்தலைவரிடமும் சொல்லிவைத்துவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். நான் மேடையை விடாமல் பி.காம். முடித்தவள், பிறகு முதுகலையும் முடித்தவள். இப்போது பகுதிநேர ஆய்வு மாணவி. எனக்குத் தெரிந்த சபாக்களும் கல்லூரிகளும் சென்னையில் இருப்பதால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

எந்தப் படிப்பு, எந்த ஷிப்ட்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லா நடன ஆசிரியர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிறு வயதிலிருந்து ஒரு குருவிடம் கற்று, அரங்கேற்றமும் முடித்து, ஏற்கெனவே ஆங்காங்கே ஆடிக்கொண்டிருக்கிறவர் இளங்கலையிலும் பரதநாட்டியத்தையே எடுக்கவேண்டியதில்லை. தமிழோ வரலாறோ சமஸ்கிருதமோ வணிகவியலோ படிக்கட்டும். பதம் (பாட்டின் பொருளை அபிநயத்தால் காட்டும் உருப்படி) ஆடும்போது தமிழ் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் உள்ள வேறுபாடு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வணிகவியல் படித்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்றால், பக்கவாத்தியக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் தொகையை நோட்டுப் போட்டு எழுதும் பழக்கம். அதுவும் சின்ன விஷயமில்லை. நடனத்தை முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம்.

முறையான, முழுநேரப் பயிற்சி இனிமேல்தான் வேண்டும் என்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கலாக்ஷேத்ராவின் நான்காண்டு டிப்ளமாவோ, திருச்சி கலைக்காவிரியில் உள்ளது போன்ற பட்டப்படிப்போ பொருத்தம். கலாக்ஷேத்ரா உங்கள் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அங்கே பயின்றுகொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்தவர்கள் பலர் உண்டு.

பி.எஸ்சி. எடுப்பவர்கள் செய்முறை வகுப்புகள் எத்தனை மணிக்கு முடிகின்றன என்று சேரும் முன்பே கேளுங்கள். பிற்பகல்களைத் தின்பது அவைதான். பொறியியல், மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர்களும் இருக்கிறார்கள். அது எப்படி என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பெற்றோர் வழக்கமாக மேற்கோள் காட்டும் நடனக் கலைஞர்களின் பெயர்கள் இரண்டு. மல்லிகா சாராபாய் 1974இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. முடித்து, இரண்டே ஆண்டுகளில் முனைவர் பட்டமும் பெற்றார். பத்மா சுப்ரமணியம் நாட்டிய சாஸ்திரம் கூறும் கரணங்கள் என்ற ஆடல் அசைவுகளை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இருவருமே பெரிய முன்னோடிகள்தான். ஆனால் முன்னவருடைய அம்மா மிருணாளினி 1949இலேயே தர்ப்பணா நாட்டியப் பள்ளியைத் தொடங்கியவர். பின்னவர் இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகள். ஒத்திகைக்கு இடம் தேடி அலையவேண்டிய வீடுகள் அல்ல அவை. நம் வீட்டுக் கணக்கை நாம்தான் போடவேண்டும்.

அடுத்து ஷிப்ட். சென்னையின் பல கலை அறிவியல் கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. முதல் ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது மதியம் தொடங்கி மாலை ஆறு மணியை ஒட்டி முடியும். நடனக்காரர்களுக்கு முதல் ஷிப்ட்தான். குருவின் வகுப்பு, பக்கவாத்தியத்தோடு ஒத்திகை, சபா நிகழ்ச்சி எல்லாமே நான்கு மணிக்குப் பிறகுதான் நடக்கின்றன. இரண்டாவது ஷிப்ட்தான் கிடைத்தது என்றால், கட்டணம் கட்டும் முன் குருவிடம் போய், காலையில் சொல்லிக்கொடுப்பாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி இப்போது பயப்படவேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்ற அனுமதியும் அதே ஆண்டில் வந்ததுதான். ஆகவே பி.காம். நேரடியாகவும் பரதநாட்டியம் வேறு வழியிலும் படிக்க இன்று தடையில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: யாரும் மணியடிக்காத படிப்பு இது. புத்தகப் பார்சல் பிரிக்கப்படாமலே மார்கழி வந்துவிடும் ஆபத்து உண்டு.

ஆண்டைப் பிரிப்பது

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கல்லூரியில் இளைப்பாறும் மாதங்கள். முதல் உள்தேர்வு வரும் வரை அழுத்தம் குறைவு. புதிய வர்ணம் (நிகழ்ச்சியின் நீண்ட, முக்கியமான உருப்படி) கற்க இதுதான் காலம். மேடையில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கப்போகிற ஓர் உருப்படி உடம்பில் ஊற இரண்டு மாதமாவது வேண்டும். மூன்று வேகத்தில் வரும் திரிகால ஜதி கால்களில் தன்னால் விழவேண்டும், வரியின் பொருளை விரித்துக்காட்டும் சஞ்சாரி யோசிக்காமல் வரவேண்டும். சபாக்களுக்கு விண்ணப்பம் அனுப்புவதும் இந்த மாதங்களில்தான். விண்ணப்பத்தோடு காணொளி கேட்பார்கள். அதை மே விடுமுறையிலேயே, உடையும் ஒப்பனையும் ஒழுங்காக இருக்கும்போது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரியில் ஒன்பது நாளும் கோயில்களிலிருந்து அழைப்பு வரும். அதே வாரங்களில் கல்லூரியில் இரண்டாவது உள்தேர்வும் நெருங்கும். இரண்டு மேடைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, புதிய வர்ணத்தை அங்கே ஆடிப் பாருங்கள். கருங்கல் தரையில், ஒலிபெருக்கி சதி செய்கிற மேடையில், முன்வரிசையில் குழந்தைகள் ஓடும்போது தவறாமல் ஆடிவிட்டால் மார்கழிக்கு அது தயார்.

விஜயதசமி முடிந்ததிலிருந்து நவம்பர் தேர்வுகள் முடியும் வரை புதிய உருப்படி எதுவும் தொடங்கக் கூடாது. இதுதான் என் கண்டிப்பான விதி. குரு ஆசையாக ஒரு தில்லானா ஆரம்பித்தாலும், "அக்கா, தேர்வு முடிந்ததும் வந்து கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இந்த வாரங்களில் நாளுக்கு நாற்பது நிமிடம் போதும்: தட்டடவு, நாட்டடவு, தட்டிமெட்டு, கடைசியில் அரைமண்டியில் (முழங்கால்களை மடக்கிய நிலையில்) நின்று மெதுவாக எண்ணுவது. வாரத்துக்கு இரண்டு முறை வர்ணத்தை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். மீதி நேரத்துக்குப் பதமும் ஜாவளியும் இருக்கின்றன. அவற்றை உட்கார்ந்தபடியே செய்யலாம். சட்டப் பாடத்தைப் படித்து அலுத்தபோது ஒரு பதத்தின் பல்லவிக்கு எத்தனை விதமாகக் கை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கால் ஓய்ந்திருக்கும், முகம் வேலை செய்யும். என் அபிநயம் கொஞ்சமாவது தேறியிருக்கிறது என்றால் அது தேர்வு மாதங்களில்தான்.

பக்கவாத்தியத்தோடு ஒத்திகையை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பரில் மிருதங்கக்காரரையும் வயலின்காரரையும் பிடிக்கவே முடியாது. ஒரு சபாவில் வாசித்துவிட்டு அடுத்த சபாவுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அக்டோபர் ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் தேர்வு முடிந்த பிறகு அதை வைத்தே பயிற்சி செய்யலாம். பாடகர் எந்த இடத்தில் சங்கதி போடுகிறார், தாளம் போட்டு ஜதி சொல்லும் நட்டுவனார் எங்கே காலத்தை இழுக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தேர்வு டிசம்பர் முதல் வாரம் வரை இழுக்கும் என்றால், அதற்குப் பிறகு இரண்டு வார இடைவெளி விட்டு நிகழ்ச்சியை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்பு, முழு அரைமண்டிக்கு உடனே இறங்காது. அவசரப்பட்டால் முழங்காலும் கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பும் வலிக்கத் தொடங்கும். மார்கழி சீசன் முழுவதும் அந்த வலியோடுதான் ஆடவேண்டியிருக்கும். முதல் நான்கைந்து நாள் எல்லா அடவுகளும் முதல் காலத்திலேயே இருக்கட்டும். சிமென்ட், கிரானைட் தரையில் பயிற்சி வேண்டவே வேண்டாம். வீட்டில் வேறு தரை இல்லையென்றால் நாற்பது நிமிடத்தை முப்பதாகக் குறையுங்கள்.

பலரும் சறுக்குவது மார்கழிக்குப் பிறகுதான். அடுத்த செமஸ்டர் பொங்கலுக்குப் பின் தொடங்குவதாக ஒரு நினைப்பு இருக்கும். வருகைப்பதிவேடு டிசம்பரிலேயே ஓடத் தொடங்கிவிடும். ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலைநாள், அதில் 75 விழுக்காடு வருகை என்பது பொதுவான விதி. ஆக, வராமல் இருக்கக் கையில் இருப்பது இருபத்திரண்டு நாள். சீசன் பத்து நாளைக் கொண்டுபோய்விடும். ஜனவரி முதல் வாரத்தில் மியூசிக் அகாடமி நடன விழா; ஆடாவிட்டாலும் பார்க்கவேண்டும். சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலி, அங்கிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் என்று கிளம்பினால் இன்னும் நான்கு நாள். காய்ச்சலுக்கு ஐந்து நாள் வைத்துக்கொண்டால் மிச்சம் மூன்று. ஆகவே தோழியின் நிகழ்ச்சிக்கு மாலையில் போங்கள். சபாக்களின் காலை விளக்கவுரைகளுக்காகக் கல்லூரியை விடாதீர்கள். கிருஷ்ண கான சபாவில் 1981 முதல் நடந்துவரும் நாட்டிய கலா மாநாட்டுக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கலாம். எந்த நாள் என்பதை நிகழ்ச்சிநிரலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், யார் யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்தல்ல.

மார்ச்சில் புதிய மேடை எதையும் ஏற்க வேண்டாம். ஏப்ரல் தேர்வு முடிந்தால் மே மாதம் முழுக்க நடனத்துக்கு.

வருகைப்பதிவும் ஒரு கடிதமும்

கல்லூரி விழாவுக்கு ஆடினால் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் 'ஆன் டியூட்டி' அனுமதி) தானாகக் கிடைக்கும். சபாவில் ஆடினால் கேட்டு வாங்கவேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே இப்படி எழுதிக் கொடுங்கள்:

"மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு, இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவியான நான் டிசம்பர் 18 மாலை தனி நடன நிகழ்ச்சி வழங்க இருக்கிறேன். 18, 19 ஆகிய இரு நாள்களுக்கு ஓ.டி. வழங்குமாறு வேண்டுகிறேன். அந்நாள்களில் செலவுக் கணக்கியலும் வணிகச் சட்டமும் உள்ளன. அவற்றின் குறிப்புகளை 22ஆம் தேதிக்குள் எழுதி முடித்து ஆசிரியர்களிடம் காட்டுவேன். அழைப்பிதழின் நகலையும் இன்றுவரையுள்ள என் வருகை விழுக்காட்டையும் இணைத்துள்ளேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் காரியம் நடக்கும். நிகழ்ச்சியின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். துறைத்தலைவருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒப்புதல் கையெழுத்தை உங்கள் நகலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு ஆசிரியரின் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று மாதக் கடைசியில் போய்ப் பாருங்கள். கையெழுத்து ஓரிடத்திலும் பதிவேடு வேறிடத்திலும் இருப்பதால் ஓ.டி. காணாமல் போவது சகஜம்.

எல்லாக் கல்லூரிகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. சபா நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் தர யோசிப்பவர்கள், சிறப்பு விருந்தினர் யார் வந்தாலும் வரவேற்பு நடனத்துக்கு உங்களைத் தேடி வகுப்பறைக்கே வருவார்கள். கோபப்பட வேண்டாம், இதைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே, "மேடம், இந்தப் பருவத்தில் இரண்டு விழாக்களுக்குப் புஷ்பாஞ்சலி ஆடித்தருகிறேன். சபா நிகழ்ச்சிகளுக்கு நான்கு நாள் ஓ.டி. தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். மூன்றாவது விழாவுக்குக் கேட்டால் இளைய மாணவி ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள்.

75க்குக் கீழே போய் 65க்கு மேல் இருந்தால், பல பல்கலைக்கழகங்களில் காரணம் காட்டி அபராதம் கட்டித் தேர்வெழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு போய்விடும். உள்மதிப்பெண்ணும் முக்கியம், நூற்றுக்கு இருபத்தைந்து அங்கேயே இருக்கிறது, தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஒப்படைப்புகளை ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே அதன் நகல் குருவின் கையில் இருக்கவேண்டும். என் குரு சொல்வார்: "முதல் நாள் இரவு வந்து நாளைக்குப் பரீட்சை என்று சொல்லாதே. தேதியை இப்போதே கொடுத்தால் குழு நடனத்தில் உன் இடத்துக்கு ஆள் போடலாம்." பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் நின்றுபோவதைப் பார்த்துப் பார்த்து, படிப்பு என்றாலே குருமார்களுக்கு ஒரு கலக்கம் வந்துவிட்டது. எப்போது திரும்பி வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது குறையும்.

நிகழ்ச்சிக்கு மறுநாள் தேர்வோ செய்முறையோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழரை மணி நிகழ்ச்சி முடிந்து, நகை கழற்றி, தேங்காய் எண்ணெயால் ஒப்பனை துடைத்து, வீடு வந்து சேரப் பதினொன்றாகிவிடும். தலைமுடியிலிருந்து ஊசிகளை எடுப்பதற்கே தனி நேரம் வேண்டும். விரல்களில் பூசும் சிவப்புச் சாயமான அல்தா மட்டும் எதற்கும் போகாது, நாலைந்து நாள் விரலில் இருக்கும். தேர்வறைக் கண்காணிப்பாளர் சந்தேகப்பட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டே காட்டுங்கள்.

பணமும் அதற்கு மேலும்

வளரும் கலைஞருக்குச் சபா தரும் தொகை பக்கவாத்தியச் செலவுக்குக் காணாது. பல இடங்களில் ஒன்றுமே தரமாட்டார்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டு கற்றிருக்கவேண்டும், நேரில் ஆடிக் காட்டவேண்டும். பணம் மாதாமாதம் வராது, தவணையாகச் சேர்ந்து வரும். அதை நம்பி மாதக் கடன் வைக்காதீர்கள்.

சொல்லிக்கொடுப்பதில் வருமானம் உண்டு, ஆனால் மாலைகளை விழுங்கிவிடும். இணையவழி வகுப்பு இதற்கு நல்ல மாற்று. இங்கே காலை ஆறு மணி என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழரை அல்லது எட்டரை. குழந்தைகள் வீட்டில் இருப்பார்கள், நீங்களும் எட்டரைக் கல்லூரிக்குக் கிளம்பிவிடலாம். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடும் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். நடனம், நாடகம் இரண்டுக்கும் சேர்த்து நிகழ்த்துகலை என்று ஒரு பாடம் அதில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஜூன் சுற்றில் எழுதுங்கள். டிசம்பர் சுற்று நம் சீசன் மேலேயே வந்து உட்காரும். 2024 டிசம்பர் சுற்று நடந்தது 2025 ஜனவரியில். மாட்டுப் பொங்கலன்று வைத்திருந்த தேர்வைப் பிறகு தள்ளிவைத்தார்கள். முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாகவும் செய்யலாம். ஆனால் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து தடையில்லாச் சான்று கேட்பார்கள். தனியாக ஆடிப் பிழைப்பவருக்கு அதை யார் தருவது? விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்கு நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ்கள், பத்திரிகை விமர்சனங்கள், சபாக் கடிதங்கள், ஓ.டி. நகல்கள் எல்லாம் அதில் போகட்டும். தூர்தர்ஷன் தரநிலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது இவற்றைத்தான் தேடுவீர்கள். அழைப்பிதழ்களில் பெரும்பாலும் தேதியும் கிழமையும் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில் ஆண்டைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.